தமனிச் சுவர் எலும்பாக மாறுமா?

கேள்வி:
வணக்கம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் தந்தையின் பாதத்தை எக்ஸ்ரே எடுத்தபோது, தமனிகள் தண்டவாளம் போல இரட்டை வெண்கோடுகளாகத் தெரிந்தன. குழாயில் சுண்ணாம்பு வெறுமனே படிகிறதா, சுவரே வேறு திசுவாக மாறுகிறதா?

பதில் 1:
வெறும் படிவு என்றே நெடுங்காலம் கருதினார்கள். அது முழு உண்மையன்று. தமனியின் நடு அடுக்கிலுள்ள மென்தசைச் செல்கள், சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் பாஸ்பேட் மிகும்போது, சுருங்கி விரிவதற்கான தம் புரதங்களைக் குறைத்துக்கொண்டு, எலும்பை உருவாக்கும் செல்களுக்குரிய ரன்க்ஸ்2 மரபணுவை இயக்கத் தொடங்குகின்றன. அவை வெளியிடும் நுண்பைகளில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ராக்சிஅபடைட் படிகங்களாகி, சுவருக்கு மீள்தன்மை தரும் எலாஸ்டின் இழைகளை ஒட்டிப் படர்கின்றன. முற்றிய சில தமனிகளில் மஜ்ஜையுடன் கூடிய எலும்பே காணப்பட்டிருக்கிறது.

பதில் 2:
இதைத் தடுக்கும் காவலும் உடலில் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட்ரிக்ஸ் கிளா என்ற புரதம் இல்லாத எலிகளின் தமனிகள் சுண்ணமாகி வெடித்து, அவை இரண்டு மாதங்களுக்குள் இறந்ததை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்புரதம் செயல்பட வைட்டமின் கே தேவை. அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 3:
ஒரு நடைமுறைச் செய்தி: இறுகிய தமனியைப் பட்டையால் எளிதில் அழுத்த முடியாது என்பதால், கணுக்காலில் அளக்கும் இரத்த அழுத்தம் பொய்யாக உயர்ந்து தோன்றும். கால்விரலில் அளக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.