புதுப்பிப்பு: ஃபாக்கராவா வாயிலைக் கடந்துவிட்டோம்

பிரெஞ்சு பொலினீசியாவில், நூக்கு ஹிவாவிலிருந்து துவாமோட்டு பவளத்தீவுகளுக்கு இரண்டு பிள்ளைகளுடன் பாய்மரப் படகில் செல்லும்போது, பவளத்திட்டு சூழ்ந்த கழிக்குள் (உட்புற நீர்ப்பரப்புக்குள்), திட்டின் இடைவெளியான வாயில் வழியாக எந்த நேரத்தில் நுழைவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சுமார் 1,000 கி.மீ. தூரத்தை நான்கு நாள்களில் கடந்து, அத்தீவுகளில் ஒன்றான ஃபாக்கராவாவின் வடக்கு வாயிலான கருவாயே வழியாக நலமாக வந்து சேர்ந்தோம்.

ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம் என்றவர்களுக்கு மனமார்ந்த நன்றி. தெற்கிலிருந்து பேரலை எழும்போது கடல்நீர் பவளத்திட்டின் மேலாக வழிந்து கழிக்குள் நிறைந்துகொண்டே இருப்பதாலும், அந்த நீர் பெரும்பாலும் வாயில்கள் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதாலும், வெளிநோக்கிய ஓட்டம் அட்டவணை காட்டும் நேரத்தைத் தாண்டியும் நீடிக்கிறது. ஆகவே இரண்டு மணி நேரம் வெளியே காத்திருந்து, வாயிலில் எழுந்த செங்குத்தான அலைகள் அடங்கியதைக் கண்ணால் கண்ட பிறகே நுழைந்தோம். வெயில் எங்கள் முதுகுப்புறம் இருந்ததால், முகப்பில் நின்ற மகள் நீருக்கடியில் பழுப்பாகத் தெரிந்த திட்டுகளை முன்கூட்டியே காட்டிவிட்டாள்.

ஒரு தவறு நேர்ந்தது. முதல் இரவில் காற்று திரும்பியபோது, தரையில் கிடந்த நங்கூரச் சங்கிலி ஒரு பவளத்தைச் சுற்றிக்கொண்டது. அதை விடுவிக்கையில் பவளத்தின் ஒரு கிளை உடைந்தது. யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமான இடத்தில் அப்படி நேர்ந்தது எனக்கு இன்னும் வேதனையாக இருக்கிறது. இப்போது சங்கிலியில் இடைவெளிவிட்டு மிதவைகளைக் கட்டி, அதைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்துகிறோம்.

அடுத்து, கழிக்குள்ளேயே பகலில் மட்டும் பயணித்து, தெற்கிலுள்ள துமாக்கோஹுவா வாயிலுக்குச் செல்கிறோம்.