தொழுவ வீடு, களக்கொட்டகை வீடு: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலக் கட்டடப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், லாங்ஹவுஸுக்கு (longhouse) 'நீள்வீடு' போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. போர்னியோவின் இபான் மக்களும் வட அமெரிக்காவின் இரோகுவா மக்களும் பல குடும்பங்கள் சேர்ந்து வாழக் கட்டிய வீடுகளுக்கு அது சரி, அங்கே நீளம்தான் அடையாளம். இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் அதே பெயரில் இருக்கும் கருங்கல் பண்ணை வீட்டுக்கு அடையாளமே வேறு. மாடும் மனிதரும் ஒரே வாசலில் நுழைவார்கள். உள்ளே குறுக்காக ஒரு நடை, அதற்கு மேட்டுப் பக்கம் அடுப்புள்ள கூடம், பள்ளத்துப் பக்கம் தொழுவம். சரிவு இறங்கும் திசையிலேயே நீளவாக்கில் கட்டித் தொழுவத்தைத் தாழ்ந்த முனையில் வைத்ததால் சாணமும் கோமியமும் தரையின் நடுவாய்க்கால் வழியாகக் கடைசிச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும், கூடத்துப் பக்கம் வராது. பிற்காலத்தில் பல வீடுகளில் தொழுவத்தை அறைகளாக்கிவிட்டார்கள். 14ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ஹையர் அப்பகாட் வீட்டில் அது பெரிய மாற்றமில்லாமல் இன்னும் இருக்கிறது.

ஆகவே 'தொழுவ வீடு'. 'தொழுவீடு' இன்னும் சுருக்கம்தான், ஆனால் வழிபாட்டு இடம் என்று படித்துவிடுவார்கள்.

அடுத்தது யார்க்‌ஷயரின் பென்னைன் மலைப்பகுதியில் உள்ள லேத் ஹவுஸ் (laithe house), வீடும் கொட்டகையும் ஒட்டிய கட்டடம். இதையும் அதே சொல்லில் அடைக்கக் கூடாது. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை, கொஞ்சம் நிலமும் சில மாடுகளும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கம்பளித் துணி நெய்தவர்கள் பலர் இப்படிக் கட்டினார்கள். ஒரே கூரை, ஒரே மணற்கல் சுவர் வரிசை, ஆனால் வீட்டுக்கும் கொட்டகைக்கும் தனித்தனி வாசல், பெரும்பாலும் உள்ளே வழியே கிடையாது. கொட்டகைக்கு வண்டி நுழையும் உயரமான வளைவு வாசல், அதற்கு நேர் உள்ளே போரடிக்கும் தளம், பக்கத்தில் மாடு கட்டும் இடம், அதற்கு மேலே வைக்கோல். பல கொட்டகைகளில் எதிர்ச்சுவரிலும் ஒரு கதவு இருக்கும், இரண்டையும் திறந்தால் வரும் காற்றிலேயே தூற்றிக்கொள்ளலாம்.

இதற்கு 'ஒட்டு வீடு' என்ற யோசனை பேச்சில் 'ஓட்டு வீடு' ஆகிவிடும், வேண்டாம். 'களஞ்சிய வீடு' என்பதும் பொருந்தாது, களஞ்சியம் தானியம் சேமிக்கும் இடம் மட்டுமே. நம் ஊரில் களம் வெட்டவெளியில், வைக்கோல் போராக வெளியே, நெல் குதிரிலோ பத்தாயத்திலோ. இவை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் வைக்கும் கட்டடம் நம்மிடம் இல்லாததால்தான் பார்ன் (barn) எனும் அந்தக் கொட்டகைக்கு நேர்ச்சொல் கிடைக்காமல் தவிக்கிறோம். மழையும் குளிரும் மிகுந்த அந்த ஊரில் களமே கூரைக்குள் போனது, அதனால் பார்னுக்குக் 'களக்கொட்டகை', லேத் ஹவுஸுக்குக் 'களக்கொட்டகை வீடு' என்று முன்மொழிகிறேன்.

அப்புறம், டார்ட்மூர் வீட்டின் அந்த நடைக்கு 'ரேழி' என்று போட வேண்டாம். ரேழி வாசலிலிருந்து வீட்டின் ஆழத்தை நோக்கிப் போவது, இதுவோ முன்கதவிலிருந்து நேர் எதிரே பின்கதவுக்குப் போய் வீட்டையே இரண்டாகப் பிரிக்கிறது. 'குறுக்குநடை' என்று பதியலாமா?