பொதுத்தேர்வு மதிப்பெண் கற்றதைக் காட்டுகிறதா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

முதுகலை ஆசிரியர், இயற்பியல்:
பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு, ஒரு மீட்டர் நீளக் கம்பியைக் கொண்டு மின்தடையை அளக்கும் மீட்டர் சமனச்சுற்று. கம்பியின் இரு முனைகளிலும் ஜாக்கி என்ற தொடுமுனையை வைத்தால், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் எதிரெதிர்ப் பக்கம் விலக வேண்டும். அந்த மாணவனுக்கு இரு முனையிலும் ஒரே பக்கமே விலகியது. எங்கோ இணைப்பு தளர்ந்திருந்தது. அவன் முள்ளை ஒருமுறை பார்த்தான், குனிந்தான், 'எதிரெதிர் விலகல் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினான். எழுத்துத் தேர்வில் அவனுக்கு 70க்கு 70. அந்தக் கருவிக்கு அடிப்படையான வீட்ஸ்டோன் சமனச்சுற்றின் நிபந்தனையை ஓரெழுத்தும் பிசகாமல் வருவிப்பவன்தான்.

விடைத்தாள் திருத்தும் பணியில் இருப்பவர்:
ஐயா, எழுத்துத் தேர்வின் மீது பழி போடுகிறீர்கள். செய்முறைக்கான 20 மதிப்பெண் தேர்வாளரின் கையில்தானே இருந்தது? என் மனத்தை உறுத்துவது வேறொன்று. தாவரவியல் தாளில் ஒரு மாணவி, சதுப்பு நிலத்தில் சேற்றைத் துளைத்துக்கொண்டு குச்சி குச்சியாக மேலே நீளும் வேர்களையும் அவை காற்றை எடுத்துக்கொள்வதையும் நேரில் கண்டவள்போல எழுதியிருந்தாள். சுவாச வேர் என்ற சொல் மட்டும் இல்லை. விடைக்குறிப்பு அந்தச் சொல்லைக் கேட்டது. பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. ஆனால் விடைக்குறிப்பைத் தளர்த்தினால் ஒரே விடைக்குத் திருத்தும் முகாமுக்கு முகாம் மதிப்பெண் மாறும் என்பதையும் மறுக்க முடியாது.

நீட் எழுதிய பெண்ணின் தாய்:
சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிவு என்ற கணக்கில், என் மகள் ஓராண்டு பயிற்சி மையத்துக்குச் சென்றபின் மதிப்பெண் வெகுவாக உயர்ந்தது. ஒருநாள் கணக்கைப் போடாமலே அலகை மட்டும் பார்த்து இரண்டு விடைகளை நீக்கிக் காட்டினாள். இயற்பியல் ஆசிரியருக்கு ஒன்று சொல்வேன்: மாதம் ஒருமுறையாவது, புத்தகப் பின்பக்க வினா ஒன்றுகூட இல்லாத தாளை வையுங்கள், புத்தகத்தைத் திறந்து வைத்தே எழுதவிடுங்கள், இணைப்பை வேண்டுமென்றே தளர்த்திவிட்டுக் கோளாறு எங்கே என்று கேளுங்கள், அதற்கு மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் அதற்கும் ஒரு கையேடு அச்சாகிவிடும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
அம்மா, பழகாத வினாவைக் கேட்டால் உண்மை வெளிவரும் என்பது அவ்வளவு எளிதன்று. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வின் 2009 சுற்றின் நீட்சியில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் மட்டுமே கலந்துகொண்டு பட்டியலின் அடிமட்டத்தில் நின்றன. வினாக்கள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று இந்தியத் தரப்பு வாதிட்டது, அடுத்த சுற்றுகளிலிருந்து நாடு விலகியது. அந்த வாதத்தை முழுக்கச் சாக்காக நான் கருதவில்லை. ஆயினும் அதே பிள்ளைகள் நம் பொதுத்தேர்வில் பெரும்பாலும் தேர்ச்சி பெற்றவர்களே. இரண்டு தாள்களில் எது அவர்களை அளந்தது என்று எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டேன். அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார்கள்.