கருவுறும் கணத்தைக் கண்டவர்கள் எழுதுங்கள்

கடல்முள்:
உடலெங்கும் முள் நிறைந்த கடல் உயிரினமான கடல் முள்ளெலியின் முட்டைகளைக் கண்ணாடிச் சில்லில் இட்டு நுண்ணோக்கியின் அடியில் வைத்து, விந்து கலந்த கடல்நீரில் ஒரு சொட்டு விட்டதும் விந்தணுக்கள் மொய்த்தன. எது உள்ளே நுழைகிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு முட்டையின் விளிம்பில் மெல்லிய படலம் ஒன்று கிளம்பி, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் முட்டையை முழுவதும் சுற்றி விலகி நின்றது. நுழைந்த விந்தணு கண்ணில் படவே இல்லை. அது நுழைந்துவிட்டது என்பதை அந்தப் படலம்தான் அறிவித்தது. 1876இல் இவ்வகை உயிரினத்தின் முட்டைக்குள் இரண்டு உட்கருக்கள் நெருங்கி ஒன்றாவதை விவரித்த ஆஸ்கர் ஹெர்ட்விக்கும் நுழைவைப் பார்க்கவில்லை என்பதும், அதைப் பின்னர் நட்சத்திர மீனின் முட்டையில் பார்த்தவர் ஹெர்மன் ஃபோல் என்பதும் எனக்குச் சற்று ஆறுதல்.

வளர்ப்பறை:
படலம் மட்டும்தான் மற்ற விந்தணுக்களைத் தடுத்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடல் முள்ளெலியில் முதல் விந்தணு இணைந்த சில நொடிகளிலேயே முட்டைச் சவ்வின் மின்னழுத்தம் எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறி, மற்றவை நுழைவதைத் தடுத்துவிடுகிறது. கால்சியம் அலை பரவி, ஓரத்திலுள்ள நுண்குமிழ்கள் தம் சரக்கை வெளியே கொட்டிய பிறகே படலம் எழுகிறது. மனித முட்டையில் அந்த மின்தடுப்பு கிடையாது. நுண்குமிழ்களின் நொதிகள் வெளியுறையை மாற்றிக் கடினமாக்குகின்றன.

உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் ஆய்வகத்தில், விந்தணு சேர்த்து 16 முதல் 18 மணி நேரம் கழித்து முட்டைக்குள் இரண்டு உட்கரு வட்டங்கள் (ஒன்று முட்டையினுடையது, மற்றது விந்தணுவினுடையது) தெரிகின்றனவா என்று பார்ப்போம். ஒரு காலை ஒரு முட்டையில் மூன்று தெரிந்தன. முட்டை தன் மிகுதிக் குரோமோசோம்களைத் தள்ளிவிடும் சிறு செல்களான துருவ உடல்கள் இரண்டும் வெளியேறியிருந்ததால் இரண்டு விந்தணுக்கள் நுழைந்திருக்க வேண்டும். 46 இருக்க வேண்டிய இடத்தில் 69 குரோமோசோம்கள். ஒதுக்கிவிட்டேன், ஆயினும் அன்று அந்தத் தட்டிலிருந்த முட்டைகளிலேயே அதுதான் மிகத் தெளிவாக, மிக அழகாக இருந்தது.

இருவட்டம்:
எங்கள் ஐவிஎஃப் சிகிச்சையில் அந்த இரண்டு வட்டங்களின் படத்தை மருத்துவர் எங்களுக்குக் காட்டினார். அவை தொட்டும் தொடாமலும் அருகருகே இருந்தன. எப்போது ஒன்றாகும் என்று என் கணவர் கேட்டதற்கு, மனிதரில் அவை ஒரே உட்கருவாக இணைவதே இல்லை, உறைகள் கரைந்து இரு பக்கத்துக் குரோமோசோம்களும் முதல் செல் பிரிவின்போதுதான் ஒன்றாக அணிவகுக்கும் என்றார். அப்படியானால் எந்தக் கணத்தை இணைவு என்று சொல்வது? நான் இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கரும்பலகை:
முதல் பதிவில் இல்லாவிட்டாலும், முந்தி ஓடி வந்தது வென்றது என்ற கதை எல்லோர் மனத்திலும் இருக்கிறது. என் வகுப்பில் ஒரு மாணவி, "முதலில் வந்தது ஏன் நுழையவில்லை, ஐயா?" என்று கேட்டாள். பாலூட்டிகளின் விந்தணு பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் சிறிது நேரம் தங்கிப் பக்குவப்பட்டால்தான் முட்டையோடு இணைய முடியும். 1951இல் சாங், ஆஸ்டின் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தனித்தனியே இதைக் கண்டனர். அதன் பிறகும் விந்தணுவின் இசுமோ புரதத்தை முட்டையின் ஜூனோ புரதம் பற்றிக்கொண்டாக வேண்டும். முட்டை சும்மா காத்திருப்பதில்லை.

கடல்முள் அவர்களே, அடுத்த முறை விந்தை நீர்க்காமல் குளிர்ச்சியாக வைத்திருங்கள். நீர்த்த பின் அதன் வீரியம் விரைவில் குறையும். சேர்க்கும்போது நன்றாக நீர்க்கச் செய்யுங்கள்; அடர்த்தி மிகுந்தால் ஒரு முட்டைக்குள் பல நுழைந்து வளர்ச்சி கெடும். மேல்கண்ணாடி முட்டைகளை நசுக்காதபடி ஓரங்களில் முட்டுக் கொடுங்கள். நுண்ணோக்கியின் ஒளித்துளையைச் சுருக்கினால் படலத்தின் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஒரே முட்டையைத் தேர்ந்துகொண்டு, அதைவிட்டுப் பார்வையை நகர்த்தாதீர்கள்.

கடல்முள்:
ஒரே முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஐயா. ஒளித்துளையும் சுருக்கியே இருந்தது. இருவட்டம் கேட்டதற்கு யாரேனும் பதில் எழுதுங்கள்.