பாயிண்ட் 22 மேகசின் முழுசா உட்காரலை

டெல்லி துப்பாக்கி சுடும் ரேஞ்ச் நண்பர்களே, பாயிண்ட் 22 (0.22 அங்குலத் தோட்டா) செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், 10 தோட்டா பிடிக்கும் மேகசின். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) திறந்திருந்தால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்கிறது. மூடியிருந்தால் 2 மில்லிமீட்டர் கீழேயே நின்றுவிடுகிறது, லேசாக இழுத்தாலே கையோடு வருகிறது. 9 போட்டால் பிரச்சினை இல்லை. மேல் தோட்டா போல்ட்டின் அடியில் முட்டுகிறது, ஸ்பிரிங் அமுங்க இடமில்லை என்று நினைக்கிறேன்.

ஃபாலோயர் (மேகசினுக்குள் தோட்டாக்களை மேலே தள்ளும் தட்டு) பாதையில் மெழுகும் ஈயக் கரியும் அப்பியிருந்ததைத் துடைத்தாயிற்று. ஒவ்வொரு தோட்டாவின் அடி விளிம்பும் கீழ்த்தோட்டா விளிம்புக்கு முன்னால்தான் இருக்கிறது, ஒன்றில் ஒன்று சிக்கவில்லை. கேட்ச் (மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) மாட்டும் பள்ளத்தின் மேல் ஓரம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. சோதித்ததெல்லாம் டம்மி தோட்டாவில்.

ஸ்பிரிங்கில் ஒரு சுற்று வெட்டச் சொல்கிறார்கள். வேண்டாம், கடைசித் தோட்டாவைத் தூக்க வலு இருக்காது. மேகசினை மாற்றுவதா, கேட்சை மாற்றுவதா? துக்ளகாபாத் பக்கம் நம்பிக்கையான ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) தெரிந்தால் சொல்லுங்கள்.