3-ல் 2 மல்ட்டிசிக்: ஒரு சீட் தொலைந்தால் மற்ற இரண்டு போதுமா?

பூட்டுச்சாவி:
எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பிட்காயினை எடுத்து, ஸ்பேரோ என்ற வாலட் மென்பொருளில் 3-ல் 2 மல்ட்டிசிக் (மூன்று சாவிகளில் ஏதாவது இரண்டு கையெழுத்திட்டால்தான் செலவழிக்கலாம்) போடப் போகிறேன். மூன்று ஹார்டுவேர் வாலட் (சாவியை வைத்திருக்கும் தனி டிவைஸ்), மூன்று 24 சொல் சீட் (சாவியை மீட்டெடுக்கும் சொற்பட்டியல்). ஒன்று போனாலும் மற்ற இரண்டை வைத்து மீட்கலாம்தானே? "சாவி உன்னிடம் இல்லையென்றால் காயினும் உன்னுடையது இல்லை" என்பவர்கள் அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நோடுக்காரன்:
இரண்டு சீட் மட்டும் போதாது. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மல்ட்டிசிக் முகவரி என்பது மூன்று பொதுச் சாவிகளும் சேர்ந்த ஸ்கிரிப்டின் (செலவு விதியின்) ஹாஷ், அதாவது சுருக்கக் குறியீடு. செலவழிக்கும்போது அந்த ஸ்கிரிப்டை முழுசாகக் காட்ட வேண்டும். மூன்றாவது வாலட்டின் எக்ஸ்பப் (அதன் பொதுச் சாவிகளையெல்லாம் உருவாக்கும் தலைமைப் பொதுச் சாவி) இல்லையென்றால் அதைக் கட்டவே முடியாது. சீட்டோடு எக்ஸ்பப்பும் தொலைந்தால் கதை முடிந்தது.

அதனால் ஸ்பேரோவிலிருந்து டிஸ்கிரிப்டரை (வாலட்டின் அமைப்பை விவரிக்கும் வரியை) எடுத்து, ஒவ்வொரு சீட்டோடும் ஒரு நகல் வையுங்கள். மூன்று எக்ஸ்பப், டெரிவேஷன் பாத் (சீட்டிலிருந்து சாவிகளை உருவாக்கும் வழி) எல்லாம் அதில் இருக்கும். அது வெளியே போனால் காயின் போகாது. ஆனால் உங்கள் இருப்பு அப்பட்டமாகத் தெரியும்.

பெருந்தொகை போடுமுன் கொஞ்சம் அனுப்பி, வாலட்டை அழித்து, டிஸ்கிரிப்டரிலிருந்து மீட்டு, இரண்டு டிவைஸால் செலவழித்துப் பாருங்கள். ஜோடியை மாற்றி மாற்றி மூன்று முறை.

பூட்டுச்சாவி:
நன்றி. மூன்றும் ஒரே கம்பெனி டிவைஸாக இருக்கலாமா?

ஹாஷ்மணி:
வேண்டாம். ஃபர்ம்வேரில் (டிவைஸுக்குள் இயங்கும் மென்பொருளில்) ஒரு ஓட்டை இருந்தால் மூன்றும் சேர்ந்து போகும். சாவி எத்தனை என்பதைவிட யார் கையில் என்பதுதான் பரவலாக்கம். 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜ் (பிளாக்செயின்களுக்கிடையே காயினை மாற்றும் சேவை) ஹேக் ஆகி விழுந்ததைப் பாருங்கள்: 9-ல் 5 கையெழுத்து தேவை, அதில் 4 ஒரே நிறுவனத்திடம். ஐந்தாவதும் அதன் வழியாகவே கிடைத்துவிட்டது. காகிதத்தில் மட்டும் பரவலாக்கம்!

இன்னொன்று, கணினித் திரையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்ச் ஹேக்கில் இழந்தது சுமார் 150 கோடி டாலர். அங்கே மல்ட்டிசிக் இருந்தது. திரை காட்டியது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று. முகவரியையும் தொகையையும் டிவைஸ் திரையிலேயே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

நோடுக்காரன்:
தொகை சிறியதென்றால் மல்ட்டிசிக்கே தேவையில்லை. ஒரு சீட்டும் பாஸ்ஃபிரேஸும் (சீட்டோடு நீங்களே சேர்க்கும் கூடுதல் ரகசியச் சொல்) போதும். ஆனால் பாஸ்ஃபிரேஸுக்கு செக்சம் (தவறைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு) கிடையாது. ஒரு எழுத்து தவறினால் பிழை காட்டாது, காலி வாலட் திறக்கும். வாலட்டை அடையாளம் காட்டும் சிறு குறியீடான ஃபிங்கர்பிரின்ட்டைக் குறித்து வைத்து ஒப்பிடுங்கள்.