தாத்தாவின் நாற்பது நிமிடம்

குழு: மாயவரம் டு குயின்ஸ்

— ஞாயிறு —

பானு: எல்லோருக்கும் வணக்கம். வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து அப்பா வீட்டில்தான். பகல் 12 மணி. யார் என்ன கொண்டு வருகிறீர்கள் என்று இன்றைக்குள் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இனியாவுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். வீட்டில் வயதானவர் ஒருவரை உட்காரவைத்துப் பழைய கதை கேட்டு, 40 நிமிடம் போனில் பதிவு செய்ய வேண்டும். அப்பாவைத்தான் பிடித்திருக்கிறாள்.

லதா: நாங்கள் புதன் இரவு வந்துவிடுவோம். டல்லாஸில் விமானம் கிளம்பினால்.

ரவி: பெரிய மாமாவை 40 நிமிடம் பேச வைக்கப் போகிறாளா? "சரி, வைக்கிறேன்" என்பதுதான் அவர் போனில் பேசுகிற நீளமான வாக்கியம்.

செல்வி அத்தை: எங்கள் அண்ணன் தேவைக்குப் பேசுவார். நீ தேவையில்லாமல் பேசுவாய்.

குமார் மாமா: நல்ல விஷயம் பானு. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இது ஸ்டோரிகார்ப்ஸ் என்கிற அமைப்பு நடத்துவது. 2003-இல் டேவ் ஐசே என்ற வானொலிக்காரர் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குள் ஒரு சின்ன அறை போட்டு ஆரம்பித்தார். தெரிந்த இரண்டு பேர் உள்ளே போவார்கள், ஒருவர் கேட்க ஒருவர் சொல்வார். 40 நிமிடம். பிரபலங்கள் இல்லை. பஸ் ஓட்டுநர், நர்ஸ், தையல்காரர், சுரங்கத் தொழிலாளி, யாராக இருந்தாலும் சரி. இப்போது அறை வேண்டாம், போன் போதும். 2015-இலிருந்து தேங்க்ஸ்கிவிங் சமயத்தில் பள்ளிப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் பேசிப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். பதிவுகள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்துக்குப் போகின்றன.

செல்வி அத்தை: காங்கிரஸ் கட்சிக்கு எங்கள் அண்ணன் கதை எதற்கு?

ரவி: காமராஜர் கேட்டிருப்பார் அம்மா.

பானு: அத்தை, அது இங்கே பார்லிமெண்ட் மாதிரி. அதன் நூலகம்.

செல்வி அத்தை: சரி சரி. ரவி, பின்கட்டுச் சுவரைப் பற்றிக் கேள். இந்த மழைக்கு இன்னும் ஒரு சாண் சாய்ந்துவிட்டது.

ரவி: அம்மா, இது அதற்கான குழு இல்லை.

செல்வி அத்தை: வேறு எந்தக் குழுவில் கேட்பது? வீடு எல்லோர் பேரிலும்தானே இருக்கிறது.

மைக்: வணக்கம் குடும்பம். நான் வியாழக்கிழமை துருக்கி சமைக்கிறேன். துருக்கி 18 பவுண்டு. சைவ நபர்கள் பயப்பட வேண்டாம், துருக்கி தனி மேசையில் இருக்கும்.

ரவி: மாப்பிள்ளை ஒரு நாட்டையே அடுப்பில் வைக்கிறார்.

பானு: மொழிபெயர்ப்புச் செயலி. வான்கோழி என்று போடச் சொன்னேன், கேட்கவில்லை.

லதா: எனக்கு இஸ்தான்புல் பக்கம் ஒரு துண்டு.

மைக்: 👍

செல்வி அத்தை: மைக் தம்பி நல்ல பையன். அவர்கள் கல்யாணத்தில்தான் பந்திக்குப் பக்கத்தில் ஊரளவுக்கு ஒரு பிஸ்கட் மேசை போட்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டு அத்தைமார், சித்திமார் எல்லாம் ஆளுக்கு நூறு இருநூறு சுட்டுக் கொண்டு வந்தார்கள். நான் முறுக்கு கொண்டு போனதை அதன் நடுவில் வைத்தார்கள். முதலில் தீர்ந்தது முறுக்குதான்.

குமார் மாமா: அது பிட்ஸ்பர்க் வழக்கம் செல்வி. குக்கீ மேசை இல்லாமல் அங்கே கல்யாணம் கிடையாது. ஸ்லோவாக், போலந்து, இத்தாலி என்று இரும்பு ஆலைக்கு வேலைக்கு வந்த குடும்பங்களிடம் ஊறிப்போனது. ஏன் வந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

இனியா: ஹாய் எல்லாரும். நான் கேள்வி எழுதிவிட்டேன். 1. உங்கள் ஊர் எப்படி இருந்தது? 2. ஏன் அமெரிக்கா வந்தீர்கள்? 3. தாத்தாவின் பேப்பர் கடை. 4. பாட்டி. 5. நீங்கள் பயந்த நாள் எது?

லதா: தமிழில் டைப் பண்ணுகிறாளே! தமிழ்ப் பள்ளிக்குக் காரில் அலைந்தது வீண் போகவில்லை.

செல்வி அத்தை: என்ன கடை?

குமார் மாமா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செல்வி அத்தை: குமார், என்னத்தை அழித்தாய்?

குமார் மாமா: ஒன்றுமில்லை செல்வி. எழுத்துப் பிழை. இனியா கண்ணு, இரண்டாம் கேள்விக்கு நான் பின்னணி தருகிறேன், குறித்துக்கொள். முன்பெல்லாம் இந்தியாவிலிருந்து இங்கே குடியேற வருடத்துக்கு நூறு பேர் என்று ஒரு ஒதுக்கீடுதான் இருந்தது. 1965 அக்டோபர் 3, சுதந்திர தேவி சிலையின் காலடியில் உட்கார்ந்து ஜனாதிபதி ஜான்சன் புதுக் குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம்தான் டாக்டர், இஞ்சினியர் என்று நம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். உன் தாத்தா அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில் படித்துவிட்டு 1971-இல் வந்தார்.

ரவி: மாமா, இது பரீட்சைக்கு வருமா?

குமார் மாமா: கோயில் கதை முக்கியம். இங்கே குயின்ஸில் ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில். ஐ.நா. சபையில் வேலை பார்த்த அழகப்பன் வீட்டில் கூடிப் பேசி, 1970-இல் சங்கமாகப் பதிந்தார்கள். பௌன் தெருவில் ஒரு பழைய ரஷ்ய தேவாலயத்தை வாங்கினார்கள். 1977 ஜூலை 4 கும்பாபிஷேகம். உன் தாத்தா தண்ணீர்க் குடம் தூக்கினார். அந்தத் தெருவின் பெயரே ஜான் பௌன் என்பவருடையது. 1662-இல் தன் வீட்டில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைக் கும்பிட விட்டார் என்று, அப்போது இங்கே ஆண்ட டச்சுக்காரர்கள் அவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அந்தத் தெருவில் பிள்ளையார் உட்கார்ந்திருக்கிறார், பார்.

லதா: கோயில் கேண்டீனில் மசால் தோசை இன்னும் அப்படியே இருக்கிறதா மாமா?

குமார் மாமா: கீழ்த்தளத்தில்தான். சனி, ஞாயிறு வரிசை நீளம். எனக்கு ரவா தோசை.

பானு: வெள்ளிக்கிழமை போகலாம். வியாழன் மிச்சத்தை எத்தனை வேளைதான் தின்பது.

செல்வி அத்தை: தோசை இருக்கட்டும். என்ன கடை என்று கேட்டேன்.

இனியா: தாத்தாவின் நியூஸ்ஸ்டாண்ட். 74ஆம் தெரு சப்வே ரயில் நிலையத்தில், படிக்கட்டுக்குக் கீழே. பேப்பர், சிகரெட், சூயிங்கம். தாத்தா எனக்குச் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரியாதா?

ரவி: நியூயார்க்கில் இஞ்சினியர் என்றுதானே சொன்னார்கள்? என் பள்ளிக்கூட ஃபாரத்தில் கூட உறவினர் என்று போட்டு அதைத்தான் எழுதினோம்.

பானு: அத்தை, நான் சொல்கிறேன். 1975-இல் நியூயார்க் நகராட்சியிடம் பணமே இல்லாமல் போய்விட்டது. கட்டட வேலை எல்லாம் நின்றது. அப்பா வேலை பார்த்த கம்பெனி பாதிப் பேரை அனுப்பிவிட்டது. ஒரு குஜராத்திக்காரர் எடுத்திருந்த பேப்பர் கடையில் இரண்டு வருஷம் உட்கார்ந்தார். 77 கடைசியில் மறுபடி டிராயிங் போர்டு வேலை கிடைத்தது. அவ்வளவுதான்.

குமார் மாமா: மறைக்க வேண்டும் என்று இல்லை செல்வி. அக்காதான் ஊருக்கு எழுத வேண்டாம் என்றார். நான் 76 ஜனவரியில் வந்து இறங்கியபோது எனக்கே ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில்தான் சொன்னார்கள். சனி இரவு நானும் போவேன். ஞாயிற்றுப் பேப்பர் முழுதாக வராது, ஐந்தாறு பகுதியாகக் கட்டுக் கட்டாக வரும். கம்பியை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகி, விடிவதற்குள் அடுக்க வேண்டும். குளிருக்குக் கையுறை போட்டால் தாள் பிரியாது. அத்தான் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிவிட்டுப் போட்டுக்கொள்வார். இரண்டு கையும் கறுப்பாக இருக்கும். சோப்புக்குப் போகாது.

ரவி: அந்தக் காலத்துப் பேப்பர் ஏதாவது வைத்திருக்கிறாரா?

குமார் மாமா: ஒன்றே ஒன்று. 1975 அக்டோபர் 30, டெய்லி நியூஸ். நகரத்துக்குப் பண உதவி கிடையாது என்று ஜனாதிபதி ஃபோர்டு சொன்ன மறுநாள். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "ஃபோர்டு நகரத்திடம்: செத்துத் தொலை." ஃபோர்டு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, பேப்பர்காரன் போட்ட தலைப்பு. எட்டு மணிக்குள் கட்டு முழுவதும் தீர்ந்ததாம். "நமக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார்" என்று அத்தான் ஒன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இனியா: வாவ். இது ஏன் எனக்குச் சொல்லவில்லை??

குமார் மாமா: நீ பயந்த நாள் என்று கேட்டிருக்கிறாயே. 1977 ஜூலை 13 இரவு ஒன்பதரை மணி வாக்கில் நகரம் முழுக்கக் கரண்ட் போனது. கும்பாபிஷேகம் ஆகி ஒன்பதாம் நாள்.

ரவி: பிள்ளையார் வந்த ஒன்பதாம் நாள் ஊரே இருட்டா?

செல்வி அத்தை: வாயைக் கழுவு.

குமார் மாமா: சப்வேக்குள் கையை நீட்டினால் கை தெரியாது. கடையில் ஒரு டார்ச் இருந்தது. அத்தான் படிக்கட்டில் நின்று அதைப் பிடித்துக்கொண்டு ஆட்களை மேலே ஏற்றிவிட்டார். ஊரில் பல இடத்தில் கடைகளை உடைத்துக் கொள்ளை. நம் கடையில் ஒரு பெட்டி சூயிங்கம் போனது, அவ்வளவுதான்.

லதா: மாமா இதையெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்து 22 வருஷம்.

பானு: போன வருஷம் எங்கள் கபிலன் இதே வீட்டுப்பாடத்துக்கு மைக்கின் அப்பாவைப் பதிவு செய்தான். அவர் பிட்ஸ்பர்க் பக்கம் ஹோம்ஸ்டெட் இரும்பு ஆலையில் இருந்தவர். 1986-இல் ஆலையை மூடினார்கள். இப்போது அங்கே ஷாப்பிங் மால், பழைய புகைபோக்கி பன்னிரண்டு மட்டும் வரிசையாக நிற்கிறது. வேலை போனதை, பிறகு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்ததை, எல்லாவற்றையும் மனிதர் கணீரென்று சொன்னார். கடைசி நாள் கொண்டு போன சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து பதிவு செய்கிற போனுக்கு முன்னால் தட்டிக் காட்டினார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரிதான் இனியாவிடம் கடையைப் பற்றி முதல்முறையாகப் பேசினார்.

மைக்: என் தந்தை மிகவும் உரத்த மனிதர். 👍

ரவி: அம்மா?

ரவி: அம்மா ஆன்லைனில் இல்லை. போனை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

— திங்கள் —

லதா: பூசணிக்காய் இனிப்புப் பை எத்தனை பேருக்குச் சுடுவது? யாரும் சொல்லவில்லை.

பானு: பதினான்கு. இல்லை, பதினாறு. குமார் மாமாவின் மகன் வருவானா என்று தெரியவில்லை.

குமார் மாமா: அவன் வருவான். அவனுடைய அவள் வருவாளா என்று அவனுக்கே தெரியவில்லை.

செல்வி அத்தை: [படம்]

செல்வி அத்தை: பரணில் இருந்து எடுத்தேன். 76-இல் என் கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் போட்ட ஏரோகிராம். வலது ஓரத்தில் பாருங்கள்.

லதா: கறுப்பாக ஏதோ இருக்கிறது.

செல்வி அத்தை: கட்டைவிரல். ரேகை கூடத் தெரிகிறது. வந்த கடுதாசி எல்லாவற்றிலும் இப்படித்தான் இருக்கும். அண்ணன் பெரிய பெரிய மிஷினோடு வேலை செய்கிறார், அந்தக் கிரீஸ் என்று தெருவெல்லாம் காட்டினேன். போஸ்ட்மேனிடம் கூடச் சொன்னேன்.

ரவி: சிவில் இஞ்சினியருக்கு என்ன மிஷின் அம்மா.

செல்வி அத்தை: எனக்கு என்ன தெரியும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அண்ணன் வரவில்லை, சித்தப்பாதான் தாரை வார்த்தார். ஐம்பது வருஷமாக அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். பானு கல்யாணத்தில் சபையில் கூடச் சொன்னேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னாரா இந்த மனிதர்?

குமார் மாமா: டிக்கெட்டுக்குப் பணம் இருந்திருந்தால் வந்திருப்பார் செல்வி. டிக்கெட்டா, பணம் அனுப்புவதா என்று அக்காவோடு இரண்டு நாள் பேசினார்.

பானு: மாமா, போதும். அப்பாவும் இந்தக் குழுவில் இருக்கிறார்.

ரவி: காலை வணக்கம் ரோஜாப்பூ தவிர அவர் எதையும் பார்ப்பதில்லை.

தாத்தா: பார்க்கிறேன்.

ரவி: மாமா! வணக்கம் மாமா.

தாத்தா: செல்வி. அது மை. கிரீஸ் இல்லை.

தாத்தா: 400 டாலர் அனுப்பினேன். அதில் 150 கடன்.

செல்வி அத்தை: 3,500 சொச்சம் வந்தது அண்ணா. பந்தல், சமையல்காரர், நாதஸ்வரம் எல்லாம் அதில்தான். மிச்சத்தில் குத்துவிளக்கு வாங்கினேன். இன்னும் இருக்கிறது.

தாத்தா: தெரியும். வந்தபோது பார்த்தேன்.

இனியா: தாத்தா, இதையும் ரெகார்டிங்கில் சொல்வீர்களா? ப்ளீஸ்.

தாத்தா: அது ஊருக்கு எதற்கு.

இனியா: நீங்கள் சரி என்றால்தான் அனுப்புவேன். டீச்சர் கட்டாயம் இல்லை என்றார்.

குமார் மாமா: என் யோசனை, முதல் 20 நிமிடம் கோயில், அப்புறம் 10 நிமிடம் வேலை, கடைசி 10 நிமிடம் குடும்பம். நான் பக்கத்தில் இருந்து தேதி எடுத்துக் கொடுக்கிறேன்.

பானு: மாமா, இரண்டு பேர்தான் பேச வேண்டும்.

செல்வி அத்தை: எந்தப் பாஷையில்?

இனியா: டீச்சருக்காக இங்கிலீஷ்.

செல்வி அத்தை: இங்கிலீஷில் சொன்னால் எனக்கு எப்படிப் புரியும்? தமிழில் சொல்லச் சொல். உன் டீச்சருக்கு மைக் தம்பியின் செயலியைக் கொடு.

ரவி: வேண்டாம். பேப்பர் கடை "காகிதத் துருக்கி" ஆகிவிடும்.

லதா: இரண்டு பதிவாகப் போடலாமே.

பானு: அப்பாவிடம் 80 நிமிடமா?

செல்வி அத்தை: நான் வீடியோவில் இருக்கிறேன். பேச மாட்டேன், கேட்டுக்கொண்டு இருப்பேன். அங்கே 12 மணி என்றால் இங்கே ராத்திரி பத்தரை, விழித்திருப்பேன்.

ரவி: அம்மா பேச மாட்டாளாம். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாத்தா: ரவி, பின்கட்டுச் சுவருக்குக் கொத்தனார் என்ன கேட்கிறார்.

ரவி: இடித்துக் கட்டினால் ஒன்று, முட்டுக் கொடுத்தால் ஒன்று. நாளைக்கு ஆளை வரச் சொல்கிறேன் மாமா.

செல்வி அத்தை: அது இப்போது எதற்கு அண்ணா. மழை நிற்கட்டும்.

இனியா: தாத்தா, அப்போ இங்கிலீஷா தமிழா? பேப்பர் கடை ஓகேயா?

இனியா: தாத்தா??

பானு: மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார். காலையில் கேட்கிறேன்.

மைக்: துருக்கியை இன்று குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்தேன்.

லதா: அப்போ பை பதினாறு பேருக்கே செய்துவிடுகிறேன். மிஞ்சினால் மிஞ்சட்டும்.